நூலக அட்டையைக் கொடுத்தேன், இப்போது பரீட்சையே எழுத முடியாது என்கிறார்கள்

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அரச பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் வருடம். பெயர், பீடம், பல்கலைக்கழகம் எதையும் இங்கே போடவில்லை, அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கடிதம் ஐந்து பக்கம். சுருக்கிச் சொன்னால் நடந்தது இது.

போன வருடம் ஒரு சீனியர் அக்கா, தன் அட்டையில் எடுக்கக்கூடிய புத்தகங்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டதாகச் சொல்லி, இவருடைய நூலக அட்டையை வாங்கி மூன்று புத்தகங்கள் எடுத்திருக்கிறார். இரண்டு திரும்பி வந்தன, ஒன்று வரவில்லை. அந்த அக்காவின் பெயரில் எதுவும் நிலுவை இல்லாததால் அவருக்கு நூலகக் கிளியரன்ஸ் கிடைத்து, பட்டம் வாங்கி, கொழும்பில் வேலைக்கும் போய்விட்டார். இப்போது போன் எடுப்பதில்லை.

இரண்டு கிழமைக்கு முன், நூலகத்திலேயே இருந்து வாசிக்க வேண்டிய புத்தகங்கள் உள்ள உசாத்துணைப் பகுதியில் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு இவர் எழும்பும்போது, அதில் நாலைந்து பக்கங்கள் பிளேட்டால் வெட்டப்பட்டிருப்பதை ஊழியர் ஒருவர் கண்டிருக்கிறார். எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு, அலுவலகத்தில் இரண்டு மணித்தியாலம் உட்காரவைத்து, போனைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். போனில் வேறொரு பாடநூல் முழுவதையும் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கி பட்ச் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தது தெரிந்திருக்கிறது. கடைசியில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். 'புத்தகம் தொலைந்ததற்கும் பக்கங்கள் வெட்டப்பட்டதற்கும் நானே பொறுப்பு, எந்த நடவடிக்கைக்கும் உடன்படுகிறேன்' என்ற மாதிரி அதில் இருந்ததாக நினைவாம். பிரதி கொடுக்கவில்லை. சில நாளில் கடிதம் வந்தது: 14 நாளில் 38,000 ரூபாய் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, படித்து முடிக்கும்வரை புத்தகம் இரவல் எடுக்கவும் முடியாது.

அப்பா, 'கடன்பட்டாவது கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு படி' என்கிறார். அண்ணன், 'மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போவோம், கேஸ் போடுவோம்' என்கிறார். கூடப் படிக்கிற பிள்ளைகள், 'எதிர்த்தால் லெக்சரர்மார் குறித்து வைத்துக்கொள்வார்கள்' என்கிறார்கள். 'நான் எடுக்காத புத்தகத்துக்கு ஏன் காசு கட்ட வேண்டும்? கையெழுத்துப் போட்டபின் இனி ஒன்றும் செய்ய முடியாதா? சனத்தின் வரிக்காசில் வாங்கின புத்தகத்தைப் படம் எடுத்தால் அது குற்றமா?' என்று கேட்கிறார்.

தங்கச்சி, காலக்கெடு ஓடிக்கொண்டிருப்பதால் அவசரமான இரண்டு விஷயங்களை உங்களுக்கு மின்னஞ்சலில் முதலே அனுப்பிவிட்டேன். இங்கே முழுவதையும் சொல்கிறேன், உங்களைப் போல அட்டையைக் கைமாற்றியிருக்கிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. நூலகமும் அப்படித்தான் கட்டியிருக்கிறது, நீங்களும் பயத்தில் அப்படியே வாங்கிக்கொண்டீர்கள். தொலைந்த புத்தகம் ஒன்று, வெட்டப்பட்ட பக்கங்கள் இன்னொன்று, வட்ஸ்அப்பில் போன பிடிஎஃப் மூன்றாவது. ஒன்றில் நீங்கள் பொறுப்பு, ஒன்றில் உங்கள்மேல் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை, மற்றதில் செய்தது தவறு, ஆனால் அதற்கும் இந்த 38,000 ரூபாய்க்கும் சம்பந்தம் இல்லை. இந்த மூன்றையும் முதலில் பிரித்து எடுக்க வேண்டும்.

தொலைந்த புத்தகம்: அட்டை யாருடையதோ அவரே பொறுப்பு

'நான் எடுக்காத புத்தகம்' என்று கடிதத்தில் பல இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனசுக்கு அது நியாயமாகப்படும், எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்த வாதம் எங்கேயும் நிற்காது. நூலக அட்டை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாதது, அந்த அட்டையில் போகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டைக்காரரே பொறுப்பு என்பது ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழக நூலகங்களிலும் உள்ள விதி. முதல் வருடத்தில் அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது அதையும் ஏற்றுக்கொண்டுதான் போட்டிருப்பீர்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அட்டையும் பதிவும்தான் தெரியும், உங்களுக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் இருந்த பேச்சு தெரியாது.

ஆகவே இதில் சண்டை பிடிக்க வேண்டாம். அட்டையைக் கொடுத்தது தவறு, புத்தகத்துக்கு ஈடு செய்வேன் என்று நீங்களே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இதை நேராக ஒப்புக்கொண்டால்தான், பக்கங்களை நான் வெட்டவில்லை என்று நீங்கள் சொல்வதை எதிரே இருப்பவர் காது கொடுத்துக் கேட்பார்.

ஆனால் எவ்வளவு கட்டுவது என்பது வேறு கேள்வி. 38,000 ரூபாய் எப்படி வந்தது என்று கடிதத்தில் பிரித்துக் காட்டவில்லை என்கிறீர்கள். புத்தகத்தின் விலை எவ்வளவு, அது வாங்கிய காலத்து விலையா இன்றைய விலையா, பிந்தியதற்கான தண்டப்பணம் எவ்வளவு, அது எந்த நாள்வரை கணக்கிடப்பட்டது, வெட்டப்பட்ட பக்கங்களுக்கு என்று எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இன்றைய விலையைக் கேட்பது அநியாயம் இல்லை. 2022 இல் ரூபாய் விழுந்ததோடு வெளிநாட்டுப் பாடநூல்களின் விலை எங்கேயோ போய்விட்டது, பழைய விலையை வாங்கினால் நூலகத்தால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாங்கவே முடியாது. ஆனால் காசுக்குப் பதிலாக அதே புத்தகத்தையோ அதன் புதிய பதிப்பையோ நீங்களே வாங்கிக் கொடுக்க நிறைய நூலகங்கள் விடுவார்கள். பல பாடநூல்களுக்கு மலிவான இந்தியப் பதிப்பு இருக்கும். அதை ஏற்பார்களா என்று வாங்குவதற்கு முதலே எழுத்தில் கேட்டுவிடுங்கள், வாங்கிக்கொண்டுபோய் நின்றபின் வேண்டாம் என்றால் உங்களுக்கு இரட்டை நட்டம். தண்டப்பணத்தைக் குறைக்கவும் தவணையில் கட்டவும் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் இல்லை. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இரவுக்கு மட்டும் தருகிற புத்தகங்களைக் காலையில் பஸ் பிந்தியதால் நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் பல தடவை தண்டப்பணம் கட்டியதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தபின் முந்திய அலைச்சல் குறைந்தது உண்மைதான், என்றாலும் மூதூரிலிருந்து காலையில் வந்து சேர்வது இன்னும் பஸ்ஸின் கையில்தான் இருக்கிறது. விடுதியில் இருக்கிற பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரே நேரம் வைப்பது கஷ்டம் என்று நூலகரிடம் தனியாக எழுதிக் கேளுங்கள், வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுக்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு செய்யலாம். ஆனால் இதைத் தொலைந்த புத்தகத்துக்கான காரணமாகச் சேர்க்காதீர்கள்.

வெட்டப்பட்ட பக்கங்கள்: செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள்

இங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். உசாத்துணைப் பகுதிப் புத்தகம் ஒரு நாளில் எத்தனையோ கைகளில் போகும். ஒவ்வொருவரும் வைத்துவிட்டுப் போனபின் பக்கம் பக்கமாக யாரும் சரிபார்ப்பதில்லை. கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் நீங்கள் என்பது, வெட்டியவர் நீங்கள் என்பதற்கு ஆதாரம் ஆகாது. உங்கள் பையில் அந்தப் பக்கங்கள் இருக்கவில்லை, பிளேட்டும் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை உங்கள் பதிலில் முதல் வரியாகவே போடுங்கள்.

அந்த ஊழியரின் கோபத்தை நான் குறைத்துப் பார்க்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 புத்தகங்கள் எரிந்ததை இன்னும் வீடுகளில் பேசிக்கொண்டிருக்கிற சனம் நாங்கள். ஒரு புத்தகத்தைப் பிளேட்டால் வெட்டியிருப்பதைக் கண்டால் நூலகத்தில் வேலை செய்கிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். பரீட்சைக் காலத்தில் தனக்கு வேண்டிய பக்கத்தை வெட்டிக்கொண்டு போகிறவர்களும், மற்றவன் படிக்கக் கூடாது என்று புத்தகத்தை வேறு தட்டில் ஒளித்துவைக்கிறவர்களும் எல்லா வளாகத்திலும் இருக்கிறார்கள். தட்டு மாறி வைத்த புத்தகம், எண் வரிசையில் தேடுகிறவருக்குக் கிடைக்கவே கிடைக்காது, தொலைந்த கணக்குத்தான். 'படித்த புத்தகத்தை நீங்களே தட்டில் வைக்காதீர்கள், மேசையில் விட்டுவிடுங்கள்' என்று எழுதி ஒட்டியிருப்பது அதற்காகத்தான். ஆனால் அந்தக் கோபத்தை, கடைசியில் அகப்பட்ட பிள்ளைமேல் இறக்குவது விசாரணை ஆகாது.

உடனே செய்ய வேண்டியது கமரா. அந்தப் பகுதியில் சிசிடிவி இருந்தால், அன்றைய பதிவை அழியாமல் பாதுகாத்து வைக்கும்படி இன்றே எழுதிக் கொடுங்கள். இந்தப் பதிவுகள் கொஞ்ச நாளில் தானாகவே மேலெழுதப்பட்டுவிடும். அந்தப் புத்தகம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். பதில் தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம் அதற்குள் வரும், ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும், உங்கள் விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நூலக விதிகளின் முழுப் பிரதி, தொகையைக் கணக்கிட்ட விதம், நீங்கள் கையெழுத்திட்ட தாளின் பிரதி எல்லாவற்றையும் அந்த ஒரே விண்ணப்பத்தில் தமிழிலேயே கேட்கலாம். மற்ற வாசகர்களின் பெயர்களைத் தரமாட்டார்கள், அது அவர்களுடைய தனிப்பட்ட தகவல், அதைக் கேட்டு மினக்கெட வேண்டாம்.

பையைச் சோதிப்பதும் போனைச் சோதிப்பதும் ஒன்றல்ல. வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வது நூலகத்தின் நிபந்தனை, அதை மறுக்காதீர்கள். உடலைச் சோதிப்பது வேறு, அப்படி ஒரு தேவை வந்தால் ஒரு பெண்தான் செய்ய வேண்டும், மரியாதையாகச் செய்ய வேண்டும். போனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நூலக ஊழியருக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் பயத்தில் திறந்து கொடுத்தீர்கள், சரி, இனிக் கொடுக்காதீர்கள். 'தேவையென்றால் எழுத்தில் கேளுங்கள்' என்று மரியாதையாகச் சொல்லலாம்.

கையெழுத்துப் போட்ட தாள்

'கையெழுத்துப் போட்டுவிட்டேன், எல்லாம் முடிந்தது' என்ற பயம் வேண்டாம். இரண்டு மணித்தியாலம் உட்காரவைத்து, விளங்காத மொழியில், பிரதி தராமல் வாங்கிய கையெழுத்துக்குப் பெறுமதி மிகக் குறைவு. பயமுறுத்தியோ ஆசை காட்டியோ, அதிகாரத்தில் உள்ள ஒருவர் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவியல் வழக்கில் பயன்படுத்த முடியாது என்று எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவே சொல்கிறது. பல்கலைக்கழக ஒழுக்காற்று விசாரணை குற்றவியல் வழக்கு இல்லை, அந்தப் பிரிவு அப்படியே அங்கே பொருந்தாது. ஆனாலும் அதன் பின்னால் உள்ள நியாயத்தை எந்த நேர்மையான விசாரணைக் குழுவும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சும்மா இருந்தால் அந்தத் தாள் நின்றுவிடும். நாள் போகப் போக, 'அப்போதே சொல்லியிருக்கலாமே' என்று கேட்பார்கள். ஆகவே உடனே, எழுத்தில், அதைத் திரும்பப் பெறுங்கள். எந்த நேரம் எந்த அறையில் யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். பக்கத்து மேசையில் இருந்து பார்த்த தோழிகள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தந்தால் நல்லது. இயலுமானால் நடந்ததை ஒரு சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாகவும் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை.

மொழி விஷயமும் சின்னது இல்லை. வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையே சொல்கிறது. அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. விரிவுரை ஆங்கிலத்தில் நடப்பது வேறு, உங்களைக் குற்றம் சாட்டுகிற தாள் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பது வேறு. இனி எந்தத் தாளிலும், வாசித்து விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்' என்று சொன்னதற்காக யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது.

பரீட்சையைத் தடுக்க முடியுமா?

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நூலகர் பல்கலைக்கழகத்தின் உத்தியோகத்தர்களில் ஒருவர், அந்தப் பதவிக்கு மதிப்பு உண்டு. ஆனால் பரீட்சைகளின் கட்டுப்பாடு மூதவையிடம், அதாவது செனட்டிடம் இருக்கிறது. நூலகம் இரவலை நிறுத்தலாம், தண்டப்பணம் கேட்கலாம், நிலுவை உள்ளவர் என்று பதிவாளருக்கு அறிவிக்கலாம். ஒருவரைப் பரீட்சை மண்டபத்துக்குள் விடாமல் தடுப்பதென்றால் அது முறைப்படி ஆக்கப்பட்ட விதி ஒன்றில் எழுதியிருக்க வேண்டும், அதற்கு அதிகாரம் உள்ளவர் முடிவெடுக்க வேண்டும், அதற்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும். எந்த விதியின் எந்தப் பிரிவு என்று உங்களுக்கு வந்த கடிதத்தில் இல்லை. அதைக் கேளுங்கள். பட்டம் முடிந்து வெளியேறும்போது நிலுவை தீராமல் கிளியரன்ஸ் தர மறுப்பது வழமையானது, அதற்காக இப்போதே பரீட்சையைத் தடுக்கலாம் என்று ஆகாது. படிப்பு முடியும்வரை இரவல் இல்லை என்பதும் ஒரு தண்டனைதான். விசாரணை இல்லாமல் அதையும் போட முடியாது.

இப்போது நீங்கள் எழுத வேண்டிய கடிதம். நூலகருக்கு எழுதுங்கள், பிரதிகளைப் பீடாதிபதிக்கும் பதிவாளருக்கும் சிரேஷ்ட மாணவ ஆலோசகருக்கும் அனுப்புங்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அட்டையைக் கொடுத்ததற்கு வருந்துகிறேன், புத்தகத்துக்கு ஈடு செய்கிறேன், கணக்கைப் பிரித்துத் தாருங்கள். பக்கங்களை நான் வெட்டவில்லை, அந்தக் குற்றச்சாட்டை மறுக்கிறேன், விசாரணை வையுங்கள், வந்து பதில் சொல்கிறேன். அன்று வாங்கிய ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். விசாரணை முடியும்வரை பரீட்சைக்கும் நூலகத்தில் இருந்து படிப்பதற்கும் தடை போட வேண்டாம். இவ்வளவும் போதும். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். 14 நாள் முடிவதற்குள் புத்தகத்தின் விலையை மட்டும் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள், கட்டும்போது 'பக்கங்கள் பற்றிய குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ளாமல் இந்தத் தொகையைச் செலுத்துகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

வட்ஸ்அப்பில் போன புத்தகம்

சனத்தின் வரிக்காசில் வாங்கிய புத்தகம் என்பது சரி. ஆனால் வாங்கியது அந்தப் பிரதியைத்தான், அதை எழுதியவரின் உரிமையை இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சொந்தப் பாவனைக்கு ஒரு தனிப்பிரதி எடுக்க இடம் தருகிறது, ஆனால் ஒரு புத்தகத்தை முழுதாகவோ அதன் பெரும்பகுதியையோ போட்டோக் கொப்பி எடுப்பதை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தலாம், ஆசிரியர் வகுப்புக்காகச் சில பக்கங்களைப் பல பிரதி எடுப்பதற்கும் அங்கே இடம் உண்டு. முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக்கி நூறு பேருக்கு அனுப்புவது அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. வேண்டுமென்றே உரிமையை மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 6 மாதம்வரை சிறையோ 5 இலட்சம் ரூபாய்வரை தண்டமோ விதிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்தவில்லை, 'எல்லாரும் செய்கிறார்கள்' என்பது பதில் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குழுவிலிருந்து அந்தக் கோப்பை நீக்குங்கள், நேரம் போய் உங்களால் நீக்க முடியாவிட்டால் அட்மினிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வந்த கடிதத்தில் இந்த விஷயமே இல்லை என்பதால், உங்கள் பதிலில் நீங்களாக அதை இழுக்க வேண்டாம். நேரடியாகக் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லை என்று நீங்கள் எழுதிய வரி என்னை உண்மையிலேயே வருத்தியது. ஒரு பட்ச் முழுவதும் ஒரே ஒரு பிரதிக்காக வரிசையில் நிற்பது மாணவர்களின் குற்றம் இல்லை. அதற்குக் கேட்கிற வழி இருக்கிறது. அந்தப் பாட விரிவுரையாளரிடம் சொல்லி புத்தகத்தை உசாத்துணைப் பகுதியில் வைக்கச் சொல்லுங்கள், கூடுதல் பிரதி வாங்கும்படி நூலகத்துக்கு எழுத்தில் பரிந்துரைக்கச் சொல்லுங்கள், நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டும் கேட்கலாம். வேறு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஈழத்துத் தமிழ் நூல்கள், பழைய சஞ்சிகைகள் என்றால் 'நூலகம்' என்ற பெயரில் இயங்குகிற மின்னூலக நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஏராளமாக இலவசமாக இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரை எழுதும்போது நிச்சயம் பயன்படும்.

அண்ணன் சொல்வதும் அப்பா சொல்வதும்

அண்ணன் சொல்வதில் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது, அது காலக்கெடு. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது, 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி தருகிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, முறைப்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இப்போதே கொழும்புக்கு, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்கு ஓடி வழக்குப் போடுவது வேண்டாம். செலவு, அலைச்சல், தவணைக்கு மேல் தவணை, நடுவில் உங்கள் பரீட்சை. முதலில் கடிதம். சம்பவம் நடந்து மூன்று கிழமை ஆகியும் பல்கலைக்கழகம் ஒழுங்கான பதில் தராவிட்டால், ஒரு மாதம் முடிவதற்குள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பரீட்சைத் தடையை எழுத்திலேயே உறுதிப்படுத்தினால் மட்டும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அந்தத் தடையை நீக்கச் சொல்லும் நீதிமன்றக் கட்டளை) கேட்பதைப் பற்றி ஒரு சட்டத்தரணியோடு நேரில் பேசுங்கள். வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: காசைக் கட்டிவிட்டு வாயை மூடினால் புத்தக விஷயம் தீரும், ஆனால் பக்கங்களை வெட்டியவர் என்ற பதிவு உங்கள் கோப்பில் நின்றுவிடும். நாளைக்கு நற்சான்றிதழ் கேட்டுப் போகும்போது அந்தக் கோப்பைத்தான் திறப்பார்கள். அரச பல்கலைக்கழகத்தின் புத்தகத்தைச் சேதப்படுத்துவது, பொலிஸ்வரை போனால், பொதுச் சொத்துக் குற்றமாகவும் எடுக்கப்படக்கூடியது. செய்யாத ஒன்றுக்கு அப்படி ஒரு ஒப்புதலை விட்டுவைக்கக் கூடாது. மகள் சண்டைக்குப் போகவில்லை, தன் பெயரைத் துடைக்கத்தான் எழுதுகிறாள் என்று விளங்கினால் அப்பா தடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். முடிந்தால் கடிதம் கொடுக்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

லெக்சரர்மார் குறித்து வைப்பார்கள் என்ற பயத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மரியாதையாக, ஆதாரத்தோடு, தன் தவறையும் சொல்லி எழுதிய ஒரு கடிதத்தை வைத்துப் பழிவாங்குவது கஷ்டம். பிரதி நாலு மேசையில் இருக்கும்போது இன்னும் கஷ்டம்.

அந்த அக்கா

அட்டையை அவர் கேட்டு வாங்கினாரா, அல்லது சீனியர் என்ற முறையில் மறுக்க முடியாதபடி வாங்கினாரா? உங்கள் கடிதத்தில் 'தரமாட்டேன் என்று சொல்ல முடியாது' என்று ஒரு வரி இருக்கிறது. மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ வாங்கியிருந்தால் அது பகிடிவதைச் சட்டத்துக்குள், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வரலாம், அதை மாணவ ஆலோசகரிடம் சொல்லவே வேண்டும். வெறும் சங்கடத்தில் கொடுத்திருந்தால் அப்படிச் சொல்லாதீர்கள், உங்கள் பக்கம் முழுவதும் அதனால் பலவீனமாகிவிடும். எது உண்மை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

காசைத் திரும்பப் பெறுவது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம், நூலகம் அதில் வராது. போன் எடுக்காவிட்டால் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: எந்தப் புத்தகம், எப்போது என் அட்டையில் எடுத்தீர்கள், இப்போது என்ன கேட்கிறார்கள், புத்தகம் கையில் இருந்தால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் காசை அனுப்புங்கள். திட்ட வேண்டாம், பேஸ்புக்கில் பெயர் போட வேண்டாம். அவர் 'சொறி, மறந்துபோனேன்' என்று ஒரு வரி பதில் போட்டாலே அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புத்தகம் உங்கள் கையில் இருக்கவில்லை என்பதற்கு அது ஆதாரம், தண்டப்பணத்தைக் குறைக்கக் கேட்கும்போதும் உதவும். பழைய வீட்டு அலுமாரியில் அந்தப் புத்தகம் இன்னும் கிடக்கவும் கூடும். அது திரும்பி வந்தால் விலை கட்ட வேண்டிய தேவையே இல்லை, பிந்திய தண்டப்பணம் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே காசு கட்டுவதற்கு முதல், இந்த மெசேஜை இன்றைக்கே அனுப்புங்கள்.